பழங்காசும் பாடசாலையும்

ஒரு பழங்காசு பாடநூலின் பத்துப் பக்கங்களினும் மிகுதியாகக் கற்பிக்க வல்லது. அக்காசே, அதனைக் கையாளும் முறையறியாதார் கையிற் படின், ஒரு சொல்லும் பேசாத வெறுஞ் செப்புத் துண்டாய் ஒழியும். இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவர் ஆசிரியர். ஆதலின், பண்டைக் காலத்தும் இடைக்காலத்தும் ஆண்ட அரசர்களின் காசுகளைத் தேடுதல், ஆராய்தல், காத்தல் என்னும் மூன்றையும் பற்றி, சிறப்பாக ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்களை நோக்கி, இங்கே சில கூறத் துணிந்தோம்.

முதற்கண் எம்முடைய பிழை ஒன்றைக் கூறுதல் முறையாகும். மடுல்சீமை மலையில் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றிற் சோழர் வரலாறு கற்பித்த நாளிலே, இராசராசன் வெளியிட்ட காசுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விரித்துக் கூறினோம். மறுநாட் காலையில் ஒரு மாணவன் தன் பாட்டியாரின் சுருக்குப்பையிலிருந்து சிறு செப்புக்காசு ஒன்றைக் கொணர்ந்தான். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, கார்த்திகை விளக்கீட்டிற்கு எடுத்த விளக்குப் போல அதனை மின்னச் செய்திருந்தான். "ஐயா, இது இராசராசன் காசுதானே?" என்று வினவினான். நாம் அதனை நோக்கினோம். ஒரு புறத்தில் அமர்ந்த அம்மன் உருவும், மறுபுறத்தில் "விசய" என்னும் தெலுங்கெழுத்தும் தேய்ந்து தோன்றின. "இல்லை, இது அவ்வளவு பழையது அன்று" என்று கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பிள்ளையின் முகம் வாடியது.

அக்காசு புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் அரசில் வழங்கிய அம்மன் காசு. அவர் குலதெய்வமாகிய பிரகதாம்பாள் உருவைத் தாங்கியது. நவராத்திரி காலத்தில் அரிசியோடு மக்களுக்கு வழங்கப்பட்டது. அதனை அப்பாட்டியாரின் தாயார் மடியில் முடிந்துகொண்டு கடல் கடந்து வந்தார் என்பதைப் பின்னொரு நாள் பாட்டியாரிடமே கேட்டறிந்தோம். அக்குடும்பம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதற்கு அவ்வீட்டில் இருந்த ஒரே சான்று அக்காசு. நாமோ அரசன் பெயரை மட்டும் நோக்கி அதனைத் தள்ளினோம். "இஃது எங்கே கிடைத்தது?" என்று கேட்க வேண்டிய வாய், "இஃது எவனுடையது?" என்று மட்டும் கேட்டது. இக்கட்டுரையின் கருத்து முழுவதும் இவ்விரண்டு வினாக்களின் வேறுபாட்டிலேயே அடங்கும்.

1. காசு கூறும் நான்கு சான்றுகள்

காசு ஒன்று நமக்கு நான்கு வகையாற் சான்று பகரும். முதலாவது, அதன் பொருள்: பொன்னோ, வெள்ளியோ, செம்போ, ஈயமோ என்பது. இரண்டாவது, அதன் நிறை. மூன்றாவது, அதன்மேற் பொறித்த உருவும் எழுத்தும். நான்காவது, அது கிடைத்த இடம்.

பொருளும் நிறையும் அக்காலத்து அரசின் செல்வநிலையையும் வாணிகத்தையும் காட்டும். பழந்தமிழ் நாட்டில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி எனவும், இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு எனவும் பொன் நிறுக்கப்பட்டது. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுக்களிலே கழஞ்சு, காசு, அக்கம், மாடை முதலிய பெயர்கள் பயின்று வருகின்றன. அவற்றுள் "ஈழக்காசு" என்பதும் ஒன்று. தமிழ்நாட்டுத் திருக்கோயில்களுக்கு விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் விடப்பட்ட நிவந்தங்களில் ஈழத்தின் பெயர் தாங்கிய காசு எண்ணப்பட்டதெனின், இரு நாட்டிற்கும் இடையே கைம்மாறிய செல்வம் எத்தகையது என்பதை மாணவர் எளிதில் உய்த்துணர்வர்.

உருவும் எழுத்தும் அரசனையும் காலத்தையும் பெரும்பாலும் அறிவிக்கும். ஆயின் இம்மூன்றும் காசினுள்ளேயே இருப்பன. காசு இருக்குமளவும் இருக்கும். நான்காவதாகிய இடமோ காசினுள் இல்லை. அதைக் கண்டெடுத்தவன் வாயில் மட்டுமே உள்ளது. அவன் சொல்லாது விட்டால், அல்லது சொன்னதை ஒருவர் எழுதாது விட்டால், அச்சான்று அன்றே இறந்துபடும். இறந்ததை எத்துணைப் பெரிய அறிஞரும் மீட்டல் இயலாது. காசு சேகரிப்போர் பலர் முதன்மூன்றையும் விரும்பி நான்காவதைக் கைவிடுகின்றனர். அஃது எத்துணைப் பெருங்கேடு என்பதை இரண்டு காசுகளின் வரலாற்றால் விளக்குவோம்.

2. இராசராசன் காசு

முதலாம் இராசராசன் கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்டவன். அவன் படை ஈழத்தின் வடபாகத்தைக் கைப்பற்றியது, அனுராதபுரம் வீழ்ந்தது, பொலநறுவை சனநாதமங்கலம் என்னும் பெயரோடு சோழரின் தலைநகராயிற்று. அவன் வெளியிட்ட செப்புக்காசுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஒரு புறத்தில் நின்ற மனித உருவம் கையிற் பூவேந்தி நிற்கும். மறுபுறத்தில் அமர்ந்த உருவமும், அதன் அருகே நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்னும் பெயரும் காணப்படும்.

இவ்வமைப்பு இராசராசனே புதிதாகப் படைத்தது அன்று. இலங்கையில் முன்னரே வழங்கிய பொற்காசுகளின் அமைப்பை அவன் மேற்கொண்டான் என்பது ஆய்வாளர் பலர் துணிபு. வென்ற நாட்டின் மக்கள் நம்பிக் கைக்கொண்ட காசின் உருவை வென்றவனும் கைக்கொண்டான். இஃது அரசியலறிவு.

இன்னும் வியப்பானது அதன் பின் நிகழ்ந்தது. முதலாம் விசயபாகு கி. பி. 1070 அளவிற் சோழரைப் பொலநறுவையினின்றும் அகற்றினான். சோழரை அகற்றிய அவ்வரசன் சோழரின் காசமைப்பை அகற்றினான் அல்லன். நின்ற உருவம், அமர்ந்த உருவம், நாகரி எழுத்து ஆகிய மூன்றையும் அப்படியே வைத்துத் தன் பெயரை மட்டும் பொறித்தான். அவனுக்குப் பின் முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி, சாகசமல்லன், முதலாம் புவனேகபாகு ஆகியோர் காசுகளும் அவ்வழியே வந்தன. பெண்ணரசியாகிய லீலாவதியின் காசிலும் அதே உருவமே நிற்கின்றது. எழுத்து மட்டுமே அவள் பெயரைக் கூறுகின்றது.

போர்க்களத்திற் பகைத்தோர் கடைத்தெருவில் ஒரே அச்சைப் பயன்படுத்தினர் என்பதை இக்காசுகள் காட்டுகின்றன. ஈழவரலாற்றைச் சிங்களவர் ஒருபுறமும் தமிழர் ஒருபுறமுமாக ஓயாது பொருத வரலாறாகவே கற்பிப்பாரும் கற்பாரும் உளர். அவர்க்கு இச்சிறு செப்புக்காசு மறுமொழி கூறும். மாணவர்முன் இராசராசன் காசின் படத்தையும் விசயபாகு காசின் படத்தையும் அருகருகே வைத்து, "வேறுபாடு யாது?" என்று கேளுங்கள். எழுத்தைத் தவிர வேறுபாடு காணாது அவர் திகைப்பர். அத்திகைப்பே அன்றைய பாடம்.

3. சேதுக்காசு

இரண்டாவது வரலாறு யாழ்ப்பாணத்தைச் சார்ந்தது. ஒரு புறத்தில் நின்ற அரசன் உருவும், மறுபுறத்திற் படுத்த இடபமும், அதன்மேற் பிறையும், கீழே "சேது" என்னும் தமிழ்ச்சொல்லும் பொறித்த செப்புக்காசுகள் உள்ளன. சேது என்றவுடன் இராமேசுவரத்தையும், அதனைக் காத்த இராமநாதபுரத்துச் சேதுபதிகளையும் நினைப்பது இயல்பு. முற்கால ஆய்வாளர் அவ்வாறே நினைத்து, இக்காசுகளைச் சேதுபதிகளுக்கு உரியன என்றனர். அக்கூற்று நெடுநாள் வழங்கிற்று.

அதனை மறுத்தற்குத் துணை நின்ற சான்றுகளுள் முதன்மையானது இடம். இக்காசுகள் யாழ்ப்பாணத்து நிலங்களில் மிகுதியாகக் கிடைத்தன. இதனோடு மூன்று செய்திகள் இயைந்தன. சேதுபதிகள் மதுரை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றவர்; காசின் அமைப்போ அதனினும் முற்பட்ட இலங்கைக் காசு மரபினைத் தழுவியது. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமையிற் கண்ட தமிழ்க் கல்வெட்டு, சிங்கைநகர் ஆரியனைப் பாடுவது, "சேது" என்னும் அதே மங்கலச் சொல்லைத் தலையிற் கொண்டுள்ளது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் சேதுகாவலர் எனப் பெயர் பெற்றோர். அவர் இடபக்கொடி உடையோர் என்பதும் தமிழ் நூல்களாற் பெறப்படும். சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட காசுகளைப் பற்றி எழுதினார். கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கைக் காசுகள் பற்றிய பெருநூலிலும் இவை யாழ்ப்பாண மன்னர்க்கே உரியன எனக் கொள்ளப்பட்டன.

இங்கே ஆசிரியர் ஆழ்ந்து நினைத்தற்குரியது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்து உழவர், கிணறு தோண்டுவோர் முதலியோர் கையிற் கிடைத்த அக்காசுகள் எவ்விடத்தன என்பது அறியப்படாமல், ஒரு வாணிகன் பெட்டியிலே பிற காசுகளோடு கலந்து, சென்னைக்கோ இலண்டனுக்கோ சென்றிருப்பின் என்னாம்? எழுத்தும் உருவும் நிறையும் அப்படியே இருந்திருக்கும். ஆயினும் அவை சேதுபதிகளின் காசுகளாகவே இன்றும் எண்ணப்படக்கூடும். 1619இற் போர்த்துக்கேயர் கைப்பட்டு அழிந்த ஓர் அரசு, தன் பெயராற் காசு அடித்த அரசு என்னும் பெருமையை இழந்திருக்கும். அதனை மீட்டுத் தந்தது பொன்னும் அன்று, கலையழகும் அன்று; "இது இன்ன ஊரிற் கிடைத்தது" என்னும் எளிய சொல்லே.

4. இடபமும் மயிலும்

சைவப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நமக்கு, காசுகளிற் சிவபெருமான், முருகப்பெருமான் உருவங்களைக் காணுந்தோறும் உவகை உண்டாதல் இயல்பே. அவ்வுவகைக்கு இடமும் உண்டு. குசாண அரசனாகிய வீம கத்பீசன், கி. பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சூலமேந்திய சிவனை இடபத்தோடு தன் பொற்காசுகளிற் பொறித்தான். பஞ்சாப், அரியானா நிலங்களில் வாழ்ந்த யௌதேயர் என்னும் கூட்டத்தார் ஆறுமுகக் கடவுளைத் தம் காசிற் பொறித்து, அவர் பெயராலேயே அதனை வெளியிட்டனர். குப்தப் பேரரசன் முதலாம் குமாரகுப்தன், ஒரு புறத்தில் தான் மயிலுக்கு உணவூட்டுவதாகவும், மறுபுறத்தில் மயிலேறிய கார்த்திகேயர் விளங்குவதாகவும் பொற்காசு அடித்தான். விசயநகரத்து இரண்டாம் அரிகரன் காசுகளில் உமாமகேசுவரர் வீற்றிருக்கின்றனர். கதிர்காமம் அமைந்த மாகாணத்திற் கற்கும் பிள்ளைகளுக்கு, வடநாட்டின் எல்லையில் முருகன் பெயராற் காசு வழங்கிய செய்தி இனிய பாடமாகும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். இடபம் கண்ட இடமெல்லாம் சைவ அரசன் எனத் துணிதல் தவறு. காபூலும் அதனைச் சூழ்ந்த நாடுகளும் ஆண்ட சாகி அரசர்கள் ஒரு புறம் இடபமும் மறுபுறம் குதிரைவீரனும் பொறித்த காசுகளை வெளியிட்டனர். 12ஆம் நூற்றாண்டின் முடிவில் வடநாட்டை வென்ற கோரி முகமதுவும், அவன்பின் தில்லியை ஆண்ட முதற் சுல்தான்களும் அதே இடபத்தைத் தம் காசுகளில் வைத்தனர். அவர் சிவனடியார் ஆகிவிட்டாரல்லர். மக்கள் பழகிய உருவை மாற்றின் காசு செல்லாது போம் என்று அஞ்சினர், அவ்வளவே. விசயபாகு செய்ததும் இதுவே என்பதை முன்னர்க் கண்டோம்.

யாழ்ப்பாணத்து இடபத்தை நாம் சைவ அரசின் சின்னமாகக் கொள்வது, இடபம் இருப்பதால் மட்டும் அன்று; இடமும் கல்வெட்டும் நூலும் ஒருங்கே அதனை வலியுறுத்துவதாலேயாம். நம் சமயத்தின் பெருமைக்குப் பொய்ச்சான்று வேண்டுவதில்லை. ஆய்வில்லாத பெருமிதத்தைப் பிள்ளைக்கு ஊட்டினால், பின்னொருநாள் அஃது உடையும்போது, மெய்யானவற்றையும் அப்பிள்ளை ஐயுறும்.

5. ஊவாவில் எவை தோன்றக்கூடும்?

மடுல்சீமையும் பசறையும் லுணுகலையும் தேயிலைக்கு முன் வெறுங்காடாகவே இருந்தன என்று பலர் கருதுகின்றனர். ஊவா பழைய நாடு. இப்போது பதுளையில் உள்ள தூண்கல்வெட்டு, மகியங்கனைப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்டது; 10ஆம் நூற்றாண்டினது. ஓபிட்டிகம என்னும் சந்தையூரில் அதிகாரிகளும் வணிகரும் ஒழுகவேண்டிய விதிகளை அது விரித்துரைக்கின்றது. சந்தையும் சுங்கமும் இருந்த இடத்திற் காசும் கைம்மாறியிருக்கும். தெற்கே, ஊவாவின் எல்லைக்கு அப்பால், திசமகாராமைப் பகுதியில் ஈயக்காசுகள் கிடைத்துள்ளன. பிராமி எழுத்துப் பொறித்த அவற்றுட் சிலவற்றில் உதிரன், மகாசாத்தன் முதலிய தமிழ்ப் பெயர்களை ஆய்வாளர் படித்துள்ளனர்.

ஆதலின், இம்மலைகளிற் கான் வெட்டும்போதோ, லயத்தின் பின்புறத்துத் தோட்டங் கொத்தும்போதோ, மழையில் மண் சரிந்தபோதோ பழங்காசு வெளிப்படுமாயின், அதனை வியத்தற்கில்லை. எத்தகைய காசு வரக்கூடும் என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம்.

தேய்ந்த மிகச் சிறு செப்புக்காசாயின், உரோமரின் 4ஆம் 5ஆம் நூற்றாண்டுக் காசாகவோ, அதனைப் பார்த்து இலங்கையிலேயே செய்த போலியாகவோ இருக்கலாம். இவ்விருவகையும் இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. நின்ற உருவமும் நாகரி எழுத்தும் உடையதாயின், மேற்கூறிய சோழர் காசோ பொலநறுவை அரசர் காசோ ஆகும். வளைந்த வெள்ளிக் கம்பி தூண்டில் முள்ளைப் போன்றிருப்பின், அது லாரின் என்பது. பாரசீகத்திலுள்ள லார் என்னும் நகரின் பெயரால் வழங்கிய அந்நாணயம், கண்டியரசு முழுதும் பயின்றது. மூவெழுத்தைப் பின்னிய முத்திரை பொறித்த செப்புக்காசாயின், அஃது ஒல்லாந்தக் கம்பெனியின் துட்டு. யானை உருப் பொறித்ததாயின், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலேயர் காசு. நூறு சதம் ஓர் உரூபாய் என்னும் கணக்கு இந்நாட்டில் 1872இல் வந்ததாதலின், சதக்காசு அனைத்தும் அக்காலத்தை ஒட்டியனவும் அதற்குப் பிற்பட்டனவுமே.

இவற்றுள் எதனையும் கண்டவுடன் துணிந்து பெயர் கூறற்க. "இவ்வகையினது போலும்" என்று கூறி நிறுத்துதலே ஆசிரியர்க்கு அழகு.

6. நம் மக்களுக்கு இதனால் என்ன?

மலைத்தோட்டங்களில் வாழும் மக்களுக்குப் பண்டை அரசர் காசுகளால் யாது பயன் என்று ஒருவர் வினவலாம். விடை கூறுவோம்.

எழுத்துச் சான்று இல்லாமையால் ஒரு கூட்டம் எதை இழக்கும் என்பதை இம்மக்களினும் நன்கறிந்தார் இந்நாட்டில் இலர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பதிவில்லாக் காலத்தில் லயத்திற் பிறந்தவர்க்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் உழைத்தோர், அதனைக் காட்டும் தாளில்லாமையால் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரம் குடும்பங்கள் பிரிந்து கப்பலேறின. எஞ்சியோர்க்குக் குடியுரிமை முற்றும் கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்குடும்பங்கள் வந்த வழியும் சேதுவின் வழியே. மன்னாரிற் கரையேறிக் காட்டுவழி நடந்தோர் முற்பட்டோர். 1914 முதல் தனுக்கோடியினின்றும் தலைமன்னாருக்குக் கப்பலில் வந்தோர் பிற்பட்டோர். யாழ்ப்பாணத்தரசர் தம் காசிற் பொறித்த அதே கடல்வழியை, மடியில் அம்மன் காசு முடிந்த ஓர் ஏழைப்பெண் கடந்துவந்தாள். அரசனுடைய காசைக் கல்வெட்டுத் தாங்கிற்று, நூல் தாங்கிற்று, அறிஞர் தாங்கினர். அவளுடைய காசைத் தாங்குதற்கு அவளுடைய பேரப்பிள்ளையின் நினைவைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்நினைவை எழுத்தாக்கப் பிள்ளைக்குக் கற்பிப்பவர் ஆசிரியரே.

காசு கிடைத்த இடத்தை எழுதிவைக்கும் பழக்கம் பெற்ற பிள்ளை, தன் பாட்டியார் பிறந்த ஊரையும் எழுதிவைக்கும். எதற்கும் சான்று வேண்டும் என்பதையும், சான்றைக் காத்தல் தன் கடன் என்பதையும் அப்பிள்ளை உணரும். இதனினும் பெரிய பயன் யாம் கூறவேண்டுவதில்லை.

7. ஆசிரியர் செய்யற்பாலன

இனி, நடைமுறையில் ஒழுகவேண்டிய விதிகளைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது: காசைத் துலக்கற்க. செம்பிற் களிம்பு போல ஆன்மாவைப் பற்றியது ஆணவமலம் என்பது நம் சித்தாந்த நூல்களில் வழங்கும் உவமை. ஆன்மாவின் களிம்பு நீங்கவேண்டுவதே. பழங்காசின் களிம்போ நீங்கற்பாலது அன்று. நூற்றாண்டுகளாக மண்ணிற் கிடந்த காசின் மேலே படிந்த அப்பச்சை, உள்ளிருக்கும் எழுத்திற்குப் போர்வையாய் நிற்கின்றது. புளி, எலுமிச்சை, சாம்பல், மணல் ஆகியவற்றால் தேய்ப்பின் களிம்போடு எழுத்தும் போம். ஒட்டிய ஈரமண்ணை உலரவிட்டு, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுதலே போதும். எஞ்சிய தூய்மையைத் தொல்பொருட் பணியிற் பயின்றோர் செய்வர்.

இரண்டாவது: இடத்தை உடனே எழுதுக. தோட்டம், பிரிவு, எத்தனையாம் மலை, ஓடையின் எப்பக்கம், எத்தனை அடி ஆழம், எந்நாள், உடன் கிடைத்தன யாவை, பானையோட்டுத் துண்டேனும் இருந்ததா என்னும் இவையனைத்தும் அன்றே எழுதப்படல் வேண்டும். பல காசுகள் ஒருங்கே கிடைப்பின் அவற்றைப் பிரித்தல் பெருந்தீங்கு. ஒரு கலத்திற் கிடந்த காசுகளுள் பிற்பட்டது எதுவோ, அக்கலம் புதைக்கப்பட்டது அதற்குப் பிற்பட்டது என்பது துணியப்படும். அழகிய காசை ஒருவர் எடுத்துக்கொண்டால் அத்துணிபு அழியும்.

மூன்றாவது: சட்டத்தை அறிக. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என வகுத்துள்ளது. மண்ணினின்றும் வெளிப்படும் தொல்பொருள் அரசுடைமை. அனுமதியின்றித் தோண்டுதலும், அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புதலும் குற்றம். ஆதலிற் கண்டெடுத்த காசைப் பாடசாலையில் வைத்துக்கொள்ளாது, தொல்பொருட் டிணைக்களத்துக்கேனும் காவல் நிலையத்துக்கேனும் அறிவித்தல் வேண்டும். புதையல் தேடுவாரோடு மாணவர் சேராதபடி காத்தலும் ஆசிரியர் கடமை. புதையல் என்னும் பேராசையால் இந்நாட்டில் அழிந்த பழஞ்சின்னங்கள் பல.

நான்காவது: காசைச் சேகரியாது காசின் குறிப்பைச் சேகரிக்க. பாடசாலைக்குக் "காசேடு" ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம். மெல்லிய தாளைக் காசின்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் இருபுறத்து உருவும் தாளில் எழும். மிகத் தேய்ந்த காசாயின் இதனையும் மெதுவாகச் செய்க. அதனருகே குறுக்களவு, நிறை, உலோகம், கிடைத்த இடம், கொணர்ந்தவர் கூறிய வரலாறு ஆகியன எழுதப்படல் வேண்டும். நிறைக்கு நகைக்கடைத் தராசு உதவும். வீட்டுவழி வந்த காசாயின், அது யார் கையினின்றும் யார் கைக்கு வந்தது என்பதை எழுதிவிட்டு, அன்றே அவ்வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்தல் முறை. உடைமை அவருடையது; குறிப்பு நம்முடையது.

ஐந்தாவது: போலியை அறிக. பழங்காசு பெரும்பாலும் அச்சிலிட்டு அடிக்கப்பட்டது. போலிகளிற் பல வார்க்கப்பட்டன. வார்த்த காசின் விளிம்பில் இரு பாதியும் பொருந்திய கோடு காணப்படலாம். மேற்புறத்தில் நுண்ணிய குமிழ்த் துளைகளும் இருக்கும். புனிதத் தலங்களிற் பழங்காசு என்று விற்கப்படுவன எல்லாம் பழங்காசு அல்ல. உண்மையானதாயினும், இடம் அறியாக் காசைப் பொருள் கொடுத்து வாங்குதல் களவாய்த் தோண்டுவார்க்குத் துணை செய்வதாகும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஆறாவது: வகுப்பில் ஒரு பயிற்சி செய்விக்க. இன்று வழங்கும் நாணயம் ஒன்றை ஒவ்வொரு மாணவனிடமும் கொடுத்து, "ஆயிரம் ஆண்டு கழித்து இதனை ஒருவன் மண்ணில் எடுப்பின், நம்மைப் பற்றி என்னென்ன அறிவான்? என்னென்ன அறியான்?" என்று கேளுங்கள். மும்மொழி எழுத்தால் இந்நாட்டின் மொழிகளை அறிவான்; ஆண்டை அறிவான்; உலோகத்தொழிலை அறிவான். அக்காசு ஒரு கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளத்தில் இருந்ததென்பதை மட்டும் அறியான், நாம் எழுதிவைத்தாலன்றி.

8. முடிவுரை

அன்று நாம் முகம் வாடச் செய்த மாணவனைப் பின்னர் அழைத்து, எம் பிழையை அவனிடத்தே ஒப்புக்கொண்டோம். காசேட்டின் முதற் பக்கம் அவனுக்கே கொடுக்கப்பட்டது. அம்மன் உருவைத் தாளில் தேய்த்தெடுத்து, அதன்கீழ்ப் பாட்டியார் சொன்ன ஊர்ப்பெயரையும், அவர் தாயார் வந்த வழியையும், இன்று அவர் வாழும் லயத்தின் பெயரையும் தன் கையாலேயே எழுதினான். எழுதி முடித்தபின், "ஐயா, இராசராசன் காசுக்குப் பக்கம் விட வேண்டாமா?" என்று கேட்டான். "விடு, கிடைக்கும்போது, எங்கே கிடைத்தது என்பதை முதலில் எழுது" என்றோம்.

ஆசிரியர்களே, அரசர் தம் பெயரைத் தாமே பொறித்துவிட்டுச் சென்றனர். பெயர் பொறியாத மக்களின் வரலாறு உங்கள் வகுப்பறையிலே, சுருக்குப்பைகளிலே, பாட்டிமார் வாய்மொழியிலே இருக்கின்றது. இவ்வாண்டே ஒரு காசேடு தொடங்குங்கள். முதற் பக்கத்தை நாளைக்கே எழுதுங்கள். ஏனெனில் கூறவல்ல பாட்டிமார் ஆண்டுதோறும் குறைகின்றனர்.